இரண்டாவது ஆள்

எனக்கு உருதுவில் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனாலும் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் மோகனசுந்தரமாகிய நான் எட்டு மாதம் உருது இலக்கண அறிஞனாக இருந்தேன். நினைத்தாலே குமட்டுகிறது.

ரஜீனாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். கடைவீதியில் மளிகை வைத்திருக்கும் அப்துல் ஷுக்கூரின் மகள். வீட்டில் பேச்சு எங்களைப் போலத் தமிழ்தான். பள்ளியில் ஆசைக்கு எடுத்த உருதுவை விடாமல் பிடித்துக்கொண்டு எம்.ஏ. வரை போய்விட்டாள். அதை வைத்துக்கொண்டு என்ன கிழிக்கப்போகிறாய் என்று கேட்காத வாய் ஊரில் இல்லை, என் வாயையும் சேர்த்து. கம்ப்யூட்டருக்கு உருது இலக்கணம் புகட்ட ஒரு பல்கலைக்கழகம் ஆள் தேடியபோது இவளுக்கு வேலை கிடைத்தது. வீட்டில் நெட் சரியில்லை என்று தினமும் என் சென்டருக்கு வருவாள்.

தமிழில் 'அவர் டாக்டர்' என்றால் போதும். உருதுவில் கடைசியில் 'ஹை' என்று ஒன்றைச் சேர்த்து இரண்டையும் இணைக்க வேண்டுமாம். அதே 'ஹை' வேறு வினைக்குத் துணையாகவும் வருமாம். ஒவ்வொரு வாக்கியத்திலும் அது எந்த வேலை பார்க்கிறது என்று குறிக்க வேண்டும். ஆறாயிரம் வாக்கியம். உதடு அசைய மூன்று தடவை படித்த பிறகுதான் ஒன்றைக் குறிப்பாள். வேலை நன்றாக முடிந்தால் அங்கேயே ஆராய்ச்சி மாணவியாகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த இடத்துக்காக ஏங்கிக் கிடந்தாள்.

அதே வாக்கியங்களை இன்னொருவர், இவளுடையதைப் பார்க்காமல், தனியாகக் குறிக்க வேண்டும் என்பது விதி. இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று பார்ப்பார்கள். பல்கலைக்கழகத்தில் இந்த வேலையை மேற்பார்வையிட்ட வினோவுக்கு இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. அவன் தேடவும் இல்லை. அவள் வேலை பார்ப்பது என் சென்டரில் என்பதால் என்னைக் கூப்பிட்டு, அவள் ஃபைலை அப்படியே நகலெடுத்து, நூற்றுக்கு ஐந்தைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி அனுப்பச் சொன்னான். அப்போதுதான் நிஜம்போல இருக்குமாம். ஒரு பொய்ப் பெயரும் மெயிலும் அவனே உண்டாக்கித் தந்தான். நானும் பல்லிளித்துக்கொண்டு சரி என்றேன். தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பு!

மாறுபட்ட வாக்கியங்கள் மறுபடி பார்ப்பதற்காக அவளிடமே திரும்பி வந்தன. பாவி மகள், இரண்டாவது ஆள் பெரிய படிப்பாளி என்று நம்பிவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு மாற்றியதற்கெல்லாம் காரணம் தேடினாள். பாலக்காட்டுக்குப் பஸ் ஏறிப் போய்ப் பழைய டீச்சரிடம் கேட்டாள். இரண்டாவது ஆளுக்கு மெயிலில் கடிதம் எழுதினாள். தன் கண்ணில் படாதது உங்களுக்கு எப்படிப் பட்டது, விளக்கினால் நன்றி மறக்கமாட்டேன் என்று அதில் இருக்கும். நாலு மேசை தள்ளி அவள் டைப் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே, வந்து விழுந்ததைப் படிப்பேன். பதில் போட்டதில்லை. அந்த மௌனத்தையும் பெரிய மனதென்று எடுத்துக்கொண்டு, சரியாகக் குறித்திருந்ததை அழித்து என் குப்பையை எழுதிவைத்தாள்.

போன வாரம் வேலையை முடித்துவிட்டு என் மேசைக்கு வந்தாள்.

"மோகண்ணா, அந்த எடம் எனக்கு வேண்டாம்னு எழுதிட்டேனுங்க. எனக்கு உருது அவ்வளவாத் தெரியலீங்க. அந்த ரெண்டாவது ஆளையே எடுத்துக்கச் சொல்லியிருக்கறேன்."

இரண்டாவது ஆளின் மெயிலைத் திறந்து திரையை அவள் பக்கம் திருப்பினேன். அவள் எழுதிய பதினேழு கடிதங்களும் வரிசையாக இருந்தன. நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள். வினோ செய்யச் சொன்னதையும் நான் செய்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். செருப்பைக் கழற்றுவாள் என்று காத்திருந்தேன். கழற்றியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"நான் மொதல்ல குறிச்ச ஃபைலு உங்ககிட்ட இருக்குதுங்களா?"

"இருக்குது அம்மிணி."

என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த ஃபைலை இணைத்து, நடந்ததையெல்லாம் பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். வினோவின் பெயரும் இருந்தது. அனுப்பும் முன் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"ரெண்டாவது ஆளுன்னு உங்க பேரைப் போட்டிருக்கறேன். சரியா இருக்குதுங்களான்னு பாருங்க."

சரியாக இருக்கிறது என்றேன். அனுப்பினாள்.