வடை தின்ற குரங்கு

எனக்கு வேலை யட்டவத்தையில், வீடு உக்குவளையில். நடுவில் மாத்தளை பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். உக்குவளை பஸ் ஆள் நிரம்பாமல் கிளம்பாது. அந்தக் காத்திருப்புக்காகத்தான் முதன்முதலில் அந்தத் தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்தேன். பிறகு பஸ் நிரம்பிக் கிளம்புவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே எழும்பாமல் உட்கார்ந்திருக்கும் ஆளாகிவிட்டேன்.

ஸ்டாண்டுக்குப் பின்புறச் சந்தில் ஒரு தகரக் கூரைக் கடை. அதை நடத்தியவர் அறுபதைத் தாண்டிய ஒரு முஸ்லிம் மனிதர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல எல்லோருக்கும் அவர் நானாதான். ரொட்டி தட்டுவது, வடை பொரிப்பது, டீ ஆற்றுவது எல்லாமே அவர் கைதான். தொட்டுக்கொள்ளும் மிளகாய்க் கட்டச்சம்பல் மட்டும் அவருடைய மனைவி வீட்டில் இடித்து அனுப்புவார். அது இரண்டு கிண்ணங்களில் வரும். ஒன்றில் மாசிக் கருவாடு இருக்கும், மற்றதில் இருக்காது. வெள்ளிக்கிழமைகளில் சைவம் என்பதை மறந்து நான் மாசிக் கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டினால் நானா தட்டைத் தள்ளி வைப்பார். “இண்டைக்கு ஒங்களுக்கு மற்றது” என்பார்.

என்னைப் போலவே தினமும் வருகிறவர்கள் இன்னும் இரண்டு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், சிங்களவர், லக்கலைப் பக்கத்து ஆள். நாங்கள் அவரை ‘அய்யே’ என்று, அதாவது அண்ணன் என்று, சிங்களத்திலேயே கூப்பிடுவோம். யானை அவருடைய வீட்டுச் சுவரை இடித்து நெல் மூட்டையை இழுத்துப் போனதற்குப் பிறகு மகள் அவரைத் தன்னோடு மாத்தளைக்குக் கூட்டிவந்து வைத்துக்கொண்டார். பகலெல்லாம் மகள் வேலைக்குப் போய்விடுவார். பூட்டிய வீட்டில் இருக்க முடியாமல் அய்யே இங்கே வந்து உட்காருவார்.

மற்றவன் எங்களில் இளையவன். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, வாசனைத் திரவியத் தோட்டமொன்றில் வெள்ளைக்காரர்களுக்கு ஏலக்காயையும் கறுவாவையும் காட்டி விளக்கும் கைட். நாங்கள் தம்பி என்போம். நாட்டில் எங்கே என்ன விசித்திரம் நடந்தாலும் அவனுடைய போனுக்கு வந்துவிடும்.

“அண்ணே, இதக் கேளுங்க” என்று ஆரம்பிப்பான். “ஒரு வீட்ல திருடப் போனவன் பசிக்குதுன்னு குசினியில சோறு போட்டுச் சாப்பிட்டுட்டு அங்கேயே தூங்கிட்டானாம். வீட்டுக்காரங்க வந்துதான் எழுப்புனாங்களாம்.”

நானா அடுப்பைவிட்டுத் திரும்பாமலே கேட்பார். “என்ன கறியாம்?”

“அது போடலிங்களே நானா.”

“அதப் போடாம என்ன நியூஸ்?”

இப்படித்தான் எங்கள் பொழுது போனது. அரசியல் வந்தால் மட்டும் குரல் ஏறும். பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலம் முடிந்து ஆட்சி மாறியிருந்தது. தம்பிக்கு அதில் பெரிய நம்பிக்கை. இந்த முறை தோட்டத்து ஆட்களுக்குக் காணி கிடைக்கும், அம்மாவுக்குத் தனி வீடு கட்டுவேன் என்பான். அய்யே அவனைச் சிங்களத்தில் ‘மல்லி’, அதாவது தம்பி, என்று கூப்பிட்டு அரைகுறைத் தமிழில் சொல்லிச் சிரிப்பார். “மல்லி, பிரேக் இல்லாத பஸ். டிரைவர் மாத்தி என்ன செய்ய?” நான் அரசாங்கச் சம்பளக்காரன். அதனால் டீயைக் குடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் தலையாட்டுவேன்.

அந்த வருடம் கடைக்கு நேரெதிரே ஒரு கட்டடம் எழும்பத் தொடங்கியது. முன்பு அங்கே பலாவும் மாவும் அடர்ந்த ஒரு பெரிய வளவு இருந்தது. மரங்களை வெட்டி, மண்ணைத் தோண்டி, கீழே வாகனத் தரிப்பிடமும் மேலே மாடி மாடியாகக் கடைகளும் என்று பலகை வைத்தார்கள். பலகையில் இருந்த படத்தில் நடமாடியவர்கள் யாரும் மாத்தளை ஆட்களைப் போல் இல்லை. வளவில் இருந்த குரங்குகள் சந்தின் கூரைகளுக்குக் குடிபெயர்ந்தன.

நானா அந்தக் கட்டடத்தைத் தன்னுடையதைப் போலப் பார்த்தார். கட்ட வந்த ஆட்கள் காலையும் மாலையும் அவரிடம்தான் ரொட்டி தின்றார்கள். “தொறந்தா இன்னும் ஆக்கள் வருவாங்க” என்பார். “சாமான் வாங்கிட்டு டீ குடிக்காமப் போவாங்களா?” தகரத்தை எடுத்துவிட்டுக் கூரையை மாற்ற வேண்டும், பெண்பிள்ளைகள் வந்து உட்கார ஒரு தனி இடம் வைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அப்படிப் பேசிக் கேட்டது எங்களுக்குப் புதிது. அய்யேகூட அப்போது கேலி செய்யவில்லை.

தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு பின்னேரம். நானா அஸர் தொழப் பின்னறைக்குப் போயிருந்தார். வடைத் தட்டு கண்ணாடிப் பெட்டிக்கு மேல் இருந்தது. வளவிலிருந்து வந்த குரங்குகளில் ஒன்று கூரை இடுக்கு வழியாக இறங்கி, பெட்டிமேல் உட்கார்ந்தது. நாங்கள் மூன்று பேரும் அசையவில்லை. அது ஓர் உளுந்து வடையை எடுத்து முகர்ந்தது. பக்கத்தில் இருந்த சம்பல் கிண்ணத்துக்குள் அதைத் தோய்த்தது. எங்களைப் பார்த்தபடியே கடித்தது. அடுத்த கணம் வாயைத் திறந்து, நாக்கை வெளியே நீட்டி, தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் தூக்கித் தலையில் ஊற்றிக்கொண்டது.

அய்யே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தம்பி போனை உயர்த்திப் பிடித்திருந்தான். தொப்பியும் தோளில் துவாயுமாக நானா ஓடிவந்து குரங்கைத் துரத்தியதோடு அவனுடைய வீடியோ முடிந்தது.

“மாசிச் சம்பல்லதான் தோய்ச்சது” என்றார் நானா, கிண்ணத்தைப் பார்த்துவிட்டு. “இது சைவக் குரங்கு இல்ல.”

தம்பி அன்றைக்கே அதைப் போனிலிருந்து இணையத்தில் ஏற்றிவிட்டான். மறுநாள் என்னுடைய அலுவலகத்தில் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அது எந்தக் கடை என்று எனக்குத் தெரியும் என்று பெருமையாகச் சொன்னேன். டிவிச் செய்தியின் கடைசியிலும் காட்டினார்களாம். இத்தனை நாளாக ஊர் விசித்திரங்களைப் பேசிக்கொண்டிருந்த எங்களுடைய கடையே நாட்டுக்கு விசித்திரச் செய்தியாகிவிட்டது.

முதல் வாரம் திருவிழா மாதிரி இருந்தது. கண்டியிலிருந்து வான் பிடித்து வந்தார்கள். குரங்கு தின்ற வடை வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். ஊர் அரசியல்வாதி ஒருவரும் ஆட்களோடு வந்தார். ஒரு கடி கடித்தார், படம் எடுத்துக்கொண்டார். நானாவின் தோளில் கை போட்டு, “என்ன தேவைன்னாலும் எனக்கு போன்ல ஒரு கோல் எடுங்க” என்றார். தம்பி என்னுடைய காதருகே குனிந்து, “பாத்தீங்களா அண்ணே, இவங்க வேற மாதிரி” என்றான்.

அதற்குப் பிறகு அந்த வீடியோவுக்குக் கீழே எழுதுகிறவர்களின் பேச்சு மாறியது. இப்படித்தான் எங்களுக்குச் சாப்பாடு போடுகிறார்களா என்று யாரோ கேட்டார். சுகாதாரப் பகுதி தூங்குகிறதா என்று இன்னொருவர். சிலர் குரங்கையும் வடையையும் விட்டுவிட்டு நானாவின் தொப்பியைப் பற்றி எழுதினார்கள். தம்பி ஒவ்வொருவருக்கும் பதில் எழுதிப் பார்த்தான். பதில் எழுத எழுத அது இன்னும் பரவியது. கடைசியில் வீடியோவை அழித்தான். அதற்குள் வேறு ஆட்கள் எடுத்துத் தங்கள் பெயரில் போட்டிருந்தார்கள்.

சுகாதாரப் பரிசோதகர் வந்த அன்று நானும் இருந்தேன். இளம் வயது. முன்பு பலமுறை எங்கள் பக்கத்து மேசையில் ரொட்டி தின்றவர்தான். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சிங்களத்தில் சொன்னார். “நானா, முழு நாடும் பார்த்துவிட்டது. மேலே இருந்து கேட்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?” கூரைக்கு உட்தட்டு, ஜன்னலுக்கு வலை, சுவருக்கு டைல்ஸ். அதையெல்லாம் செய்யும்வரை கடையைத் திறக்க முடியாது. அவர் கேட்டதில் தவறு எதுவும் இல்லை. 

நானா எல்லாவற்றையும் செய்து முடிக்கத் தயாராகத்தான் இருந்தார். கடை இடத்தின் சொந்தக்காரர் விடவில்லை. ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்றார். எதிர்க் கட்டடத்துக்கு வாகனம் திருப்ப இடம் போதாதாம், கடையோடு சேர்த்து இந்தச் சந்து முழுவதையும் கேட்கிறார்களாம். அவர் எங்களிடம் கோபமாகக்கூடப் பேசவில்லை. பேச்சு முடிந்துவிட்ட ஒரு விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

நானா அந்த அரசியல்வாதிக்குக் கோல் எடுத்தார். பல நாள் எடுத்தார். மறுபக்கம் எடுக்கவில்லை. தம்பியும் நானும் அந்த அரசியல்வாதியின் வீட்டுக்கே போனோம். வாசலில் நிறைய ஆட்கள் இருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது, வடை, குரங்கு, நானா என்று தம்பி ஞாபகப்படுத்தினான். அவர் சிரித்தார்.

“ஆ, அந்தக் குரங்கு! நல்ல பகிடி. ஆனா தம்பி, சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே? அதுக்குத்தானே நீங்க எங்களுக்கு வோட் போட்டீங்க?”

தம்பி வெளியே வந்து, வாசலில் கழற்றி வைத்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, ஸ்டாண்டை நோக்கி நடந்தான். அதற்குப் பிறகு காணியைப் பற்றியோ அம்மாவின் வீட்டைப் பற்றியோ அவன் பேசி நான் கேட்கவில்லை.

நானா சாமான்களை ஏற்றிய அன்று நாங்கள் மேசைகளைத் தூக்கிக் கொடுத்தோம். தம்பி வெகுநேரம் உள்ளே வராமல் சந்திலேயே நின்றான். நானாதான் கூப்பிட்டார்.

“ஏன் வெளிய நிக்கிற? வா உள்ளுக்கு.”

“நான் எடுத்துப் போடாம இருந்திருந்தா நானா…”

“நீ எடுக்காட்டி வேற ஒருத்தன் எடுத்திருப்பான். இல்லாட்டியும் இந்த எடம் போயிருக்கும். ஒக்காரு. டீ ஒண்டு ஊத்திக் குடுக்கவும் ஏலாமப் போச்சே, அடுப்பக் கழட்டிட்டாங்க.”

தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதான். அய்யே அவனுடைய முதுகில் கையை வைத்துவிட்டு, மழை வரும் போலிருக்கிறது, சாமானை மூட வேண்டும் என்றார்.

அந்த வாரமே தம்பி இன்னொரு வீடியோ எடுத்தான். பூட்டிய கடைக் கதவுக்கு முன்னால் நின்று, தமிழிலும் சிங்களத்திலும் நடந்ததையெல்லாம் சொன்னான். நன்றாகத்தான் பேசினான். வெள்ளைக்காரர்களிடம் பேசிப் பழகிய வாய். யாரும் பார்க்கவில்லை. கீழே ஒரே ஒருவர் எழுதியிருந்தார். குரங்கு எங்கே என்று.

கட்டடம் திறந்த பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒருநாள் போய்ப் பார்த்தோம். சாப்பாட்டுக் கடைகள் மேல் மாடியில். அய்யே நகரும் படியில் காலை வைக்கப் பயந்து பக்கத்துப் படியில் ஏறி வந்தார். அங்கே உளுந்து வடை காகிதப் பெட்டியில், தக்காளி சோஸோடு கிடைத்தது. வடை மோசமில்லை. ஆனால் பாட்டுச் சத்தத்தில் ஒருவர் பேசியது மற்றவருக்குக் கேட்கவில்லை. தம்பி போனில் இருந்து எதையோ காட்டினான். நாங்கள் தலையாட்டினோம். தட்டை எடுத்துக்கொண்டு இடம் தேடியவர்கள் எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றதும் எழுந்துவிட்டோம். மறுபடி சந்திக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

அய்யே கொஞ்ச நாள் பஸ் ஸ்டாண்ட் வாங்குப் பலகையில் உட்கார்ந்து பார்த்தார். இத்தனை வருடம் பஸ் ஓட்டிய ஸ்டாண்டில் எந்த பஸ்ஸுக்கும் காத்திராமல் உட்கார்ந்திருப்பது அவருக்கே வெட்கமாக இருந்தது போலிருக்கிறது. லக்கலைக்கே திரும்பிப் போய்விட்டார். சுவரை மரப் பலகையால் அடைத்திருக்கிறாராம். மகள்தான் சொன்னார். யானை இன்னும் வருகிறது என்றும் சொன்னார். அவருடைய நம்பருக்கு எடுத்தால் பெரும்பாலும் லைன் கிடைப்பதில்லை.

தம்பி கட்டாருக்குப் போய்விட்டான். அங்கே ஒரு ஹோட்டல் ஸ்டோரில் வேலை. பண்டிகைகளுக்கு வாழ்த்துப் படம் அனுப்புவான். அந்த விசித்திரச் செய்திகள் எதையும் இப்போது அனுப்புவதில்லை. நானும் கேட்பதில்லை.

நானா எங்களுடைய உக்குவளையில்தான் இருக்கிறார், மருமகனுடைய பலசரக்குக் கடையில். போன மாதம் போனேன். உள்ளே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பருப்பை நிறுத்துப் பைகளில் கட்டிக்கொண்டிருந்தார். மருமகன் டிவியை உரக்க வைத்திருந்தார். அதில் ஒரு மந்திரி புதிய நகரத் திட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நானா திரையைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார், பக்கத்தில் இருந்த பெட்டியைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்தேன். 

“ஒங்கட பக்கம் தண்ணி வருதா?” என்று கேட்டார்.

“காலையில கொஞ்ச நேரம் வருது நானா.”

“இங்க அதும் இல்ல.”

ஓர் அம்மா மிளகாய்த்தூள் கேட்டு வந்தார். நானா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு மூன்று பேர் வந்தார்கள். கடைக்குள் எனக்கு நிற்க இடம் இருக்கவில்லை. வீட்டில் பருப்பு இருந்தும், நானா கட்டிவைத்ததில் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.