சிவப்புப் பக்கத்தில் எங்கள் படகு

அந்த அறைக்குள் நுழையச் செருப்பைக் கழற்ற வேண்டும். காரைக்காலில் கோயிலுக்கு அடுத்தபடியாக நான் செருப்பை வெளியே விட்டு நுழைந்த இடம் எங்கள் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப்தான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். கதவைத் தள்ளினால் ஏசிக் குளிர், இழுத்து மூடிய திரைகள், மெஷின்கள் எல்லாம் சேர்ந்து போடும் மெல்லிய முனகல். வெறும் பாதத்தில் தரையின் சில்லிப்பு ஏறும். எங்கள் ஊர் மண்டபத்தூரிலிருந்து நான் நசுங்கிக்கொண்டு வந்த பஸ்ஸும், வீட்டில் நடக்கிற பேச்சுகளும் அந்தக் கதவோடு நின்றுவிடும். இப்போதும் நல்ல கனவு வந்தால் முதலில் அந்தக் குளிர்தான் காலில் படுகிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்களில் ஒன்று. நான் முதல் வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ். பன்னிரண்டாவது வரை தமிழிலேயே படித்தவள். இங்கிலீஷில் ஓடும் பாடம் என் தலைக்கு மேலே எங்கோ போய்க்கொண்டிருக்கும், நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். "புரிஞ்சுதா?" என்று வாத்தியார் கேட்டால் வகுப்பே "புரிஞ்சுது சார்" என்று ராகம் போட்டுச் சொல்லும். நானும் சொல்வேன். பஜனையில் யாருக்குப் பாட்டு தெரியும், யார் சும்மா வாயசைக்கிறார் என்று யார் கண்டது?

வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. அத்தை தன் பெரிய மகனுக்கு என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுடைய சின்ன மகன் என் வகுப்பில்தான் படித்தான். "ஒரே குடும்பத்துல ரெண்டு டிகிரி எதுக்குண்ணே? சின்னவன் படிக்கிறானே, போதாதா?" என்பாள். அப்பா கடலுக்குப் போகிறவர், அதிகம் பேசமாட்டார். "தை வரைக்கும் பாப்போம். படிப்பு ஏறலன்னா பேசி முடிச்சிடுவோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். பாடம் ஒரு எழுத்தும் புரியாது, ஆனால் அந்த அறையை விட்டுப் போகவும் மனசில்லை. இது என்ன கூத்து என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

அப்போதுதான் புதிதாக ஒரு சார் வந்தார். வகுப்பு பாடும் ராகத்தை அவர் நம்பவில்லை. லேப்பில் இருந்த மெஷின்களை எல்லாம் இணைத்து ஒரு வெப் பக்கம் செய்து வைத்தார். பிரவுசரைத் திறந்தால் பெயர் கேட்கும், அப்புறம் கேள்வி வரும். நாம் மவுஸில் அமுக்கும் பதில் அந்தக் கணமே புரொஜெக்டர் வழியாகச் சுவரில் தெரியும். பாடத்தில் கேள்விகள் முடிந்ததும், கடைசியாகப் புரிந்ததா என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். புரிந்திருந்தால் பச்சை, புரியவில்லை என்றால் சிவப்பு. நம் பெயர் ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஏறி, இருட்டுச் சுவரில் மெதுவாக மிதந்து போய் அந்த நிறத்தின் பக்கம் நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் வாயைத் திறந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"சொந்தப் பேரு வேண்டாம். நீங்க யாருன்னு எனக்கே தெரியக் கூடாது. மனசுல தோணுற வேற ஏதாவது பேரு போடுங்க" என்றார் சார்.

பையன்கள் சினிமா நடிகர்களானார்கள். என் பக்கத்து மெஷினில் நெடுங்காட்டுப் பெண், என் ஒரே சிநேகிதி, தன் வீட்டுப் பசுமாட்டின் பெயரைப் போட்டாள். எனக்கு யோசிக்காமல் விரலில் வந்தது எங்கள் ஃபைபர் படகின் பெயர். பிறந்ததிலிருந்து நான் எழுத்துக்கூட்டி வாசித்த பெயர் அதுதானே. தமிழிலும் இங்கிலீஷிலும் முகப்பில் கொட்டை எழுத்தில் இருக்கும். மாட்டின் பெயர் நெடுங்காட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. படகின் பெயர் கரையோரம் முழுக்கத் தெரியும் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. ஒளிந்துகொள்ளச் சொன்னால் நடுக்கரையில் போய் நின்றவள் நான்.

யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் முதல் நாளே சிவப்பை அமுக்கினேன். பச்சையில் ஊரே கூடி நின்றது, சிவப்பில் எங்கள் படகு மட்டும் தனியாக. சார் யார் என்று கேட்கவில்லை. சுவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பாடத்தைத் தமிழில் மறுபடி சொன்னார். பாதி புரிந்தது. அடேயப்பா! அந்தப் பாதிக்கே எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. அடுத்தடுத்த வகுப்புகளிலும் சிவப்பையே அமுக்கினேன். அந்த இருட்டில் நீல வெளிச்சத்துக்கு முன்னால் உட்கார்ந்து உண்மையைச் சொல்வது, விடியற்காலைத் தூக்கம்போல அவ்வளவு சுகமாக இருந்தது.

அத்தை மகன் சும்மா இருப்பானா? அவன் எப்போதும் பச்சை. கேள்விக்குப் பதில் தப்பாகப் போட்டாலும் புரிந்ததில் மட்டும் குறைவிருக்காது. அவன் வாய்வழியாக விஷயம் கரைக்குப் போனது. மீன் ஏலம் நடக்கும் இடத்தில் யாரோ அப்பாவிடம், "என்னண்ணே, ஒங்க படகு காலேஜுல தெனமும் புரியல புரியலன்னு நிக்குதாமே?" என்று கேட்டிருக்கிறார்கள். ஊர் வாயை உலைமூடி போட்டா மூட முடியும்?

அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டார். "படகுப் பேரை எதுக்கு சந்தி சிரிக்க வைக்கிற?"

எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. "புரியலன்னா புரியலன்னுதானப்பா சொல்ல முடியும்? பொய் சொல்லிப் பச்சையில நிறுத்தட்டுமா?"

அடி விழும் என்று நினைத்தேன். அவர் கைகால் கழுவப் போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தவர், தட்டைப் பார்த்துக்கொண்டே, "இன்னிக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். "செவப்பு" என்றேன். "ம்" என்றார். என் படிப்பைப் பற்றி அப்பா கேட்ட முதல் கேள்வி அது. அதன்பிறகு கேட்காத நாளில்லை. படகுப் பெயரை மாற்ற எனக்கும் இஷ்டமில்லை. மாற்றினால் அத்தை மகனுக்குப் பயந்ததாக ஆகிவிடும், போடா!

மார்கழியில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். அப்பா கல்யாணங்களுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று காட்ட, சார் வந்தவர்களை லேப்புக்குள் கூட்டி வந்தார். அப்பா செருப்பை வாசலில் விட்டு, அந்தக் குளிருக்குத் துண்டைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, பின்சுவரில் சாய்ந்து நின்றார். கடல் சத்தம் இல்லாத அந்த நீல இருட்டில் அப்பாவைப் பார்க்க, ஏதோ கனவுக்குள் வழி தவறி வந்துவிட்ட ஆள்போல இருந்தது.

சார் அன்று நடத்தியது பைனரி எண்கள். வழக்கம்போல இங்கிலீஷில் ஓடியது, வழக்கம்போல எனக்குப் பிடிபடவில்லை. சுவரில் பச்சையும் சிவப்பும் வந்தன. முன்வரிசையிலிருந்து அத்தை மகன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். தைக்கு இன்னும் எத்தனை நாள்தான் இருக்கிறது?

"அடியே, ஒங்கப்பா நிக்கிறாரு. இன்னிக்கு ஒருநாள் பச்சைய அமுக்கித் தொலையேன்" என்று நெடுங்காட்டுக்காரி காதைக் கடித்தாள்.

மவுஸைப் பச்சைக்கு நகர்த்தினேன். அமுக்கினால் படகு பச்சையில் நிற்கும், அப்பா மனசு குளிரும், கல்யாணப் பேச்சும் அடங்கும். ஆனால் அந்த ஒரு அறையில்தான் நான் பொய் சொன்னதில்லை. அதையும் விட்டுக்கொடுத்துவிட்டால் அப்புறம் அங்கே எனக்கு என்ன மிச்சம்? சிவப்பை அமுக்கினேன்.

எங்கள் படகு மெதுவாக மிதந்து போய்த் தனியாக நின்றது. பெற்றோர் பக்கம் யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. படகின் பெயரை வாய்விட்டு வாசித்து, "இவங்க எப்பவும் எனக்கு உண்மையச் சொல்றவங்க. அவங்களுக்காக இன்னொருக்கா பாத்திரலாம்" என்றார்.

பதிலை மாற்றிக்கொள்ளவும் அந்த வெப் பக்கத்தில் வசதி இருந்தது. அவர் சொல்லி முடிப்பதற்குள், பச்சையிலிருந்து ஒரு கட்டம் கிளம்பியது. நெடுங்காட்டுப் பசு மிதந்து வந்து படகுக்குப் பக்கத்தில் நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன், அவள் கண்ணைச் சிமிட்டினாள். அப்புறம் ஒரு நடிகர் வந்தார், இன்னொருவர் வந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி வகுப்பு பச்சையை விட்டு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. அத்தை மகனின் நடிகர் மட்டும் அசையவில்லை. சார் சிவப்பைப் பார்த்துவிட்டு, சாக்பீஸை எடுத்துத் தமிழில் முதலிலிருந்து சொன்னார். அன்று எனக்கு முழுசாகப் புரிந்தது.

அப்பாவும் நானும் பஸ்ஸில் ஊர் திரும்பினோம். வீட்டில் அத்தை தன் சின்ன மகனையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா டீ கொடுத்தாள்.

"பாத்துட்டு வந்தியாண்ணே? புரியாத படிப்ப எதுக்குக் கட்டி இழுக்கணும்? தையில முடிச்சிடலாமா?" என்றாள் அத்தை.

அப்பா அவள் மகனைப் பார்த்தார். "மருமவனே, ஒனக்குத்தான் எல்லாம் புரிஞ்சுதே. இன்னிக்கு அந்த வாத்தியாரு என்ன சொன்னாருன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லேன்."

"அது... பைனரி மாமா."

"அப்படின்னா?"

"அதெல்லாம் இங்கிலீஷ்ல மாமா. சொன்னா ஒங்களுக்குப் புரியாது."

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு."

நான் சொன்னேன். "நமக்கு ஒம்பது வரைக்கும் எண்ணு இருக்குப்பா. அதுக்கு மேல போனா எடம் தள்ளி, ஒண்ணு போட்டு சைபர் போடுறோம். மெஷினுக்கு சைபரும் ஒண்ணுமே தவிர வேற எண்ணே கெடையாது. அதனால ரெண்டு வந்தாலே எடம் தள்ளி, ஒண்ணு போட்டு சைபர் போட்டுரும்."

"அது பத்துல்ல?"

"பாக்கத்தான் பத்து மாதிரி. ஆனா ரெண்டு."

"ரெண்டு கூடை மீன பத்துன்னு எழுதினா யாவாரி என்னைய ஒதைக்க மாட்டான்?"

அத்தைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "போதும்ண்ணே. தைக்கு என்ன சொல்ற?"

அப்பா சுருட்டி வைத்திருந்த வலைமேல் உட்கார்ந்து, துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். அத்தை பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்குப் புரியல" என்றார் என்னிடம். "இன்னொருக்கா சொல்லு."

அத்தை டம்ளரைக் கீழே வைத்தாள். நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.