மேட்டில் அணையாத விளக்கு

என் பேத்தி சைக்கிளிலேயே கன்னியாகுமரிக்குப் போகப்போகிறாள். முன்சக்கரத்தின் அச்சிலேயே டைனமோ வைத்த வண்டியாக வேண்டுமாம். சக்கரம் சுற்றினால் விளக்கும் எரியும், செல்போனுக்கும் சார்ஜ் ஏறும் என்கிறாள். மேட்டில் மெதுவாக மிதிக்கும்போது விளக்குக்குப் போதுமாம், போனுக்குப் போதாதாம். அதற்கு நடுவில் ஒரு பவர் பேங்க். வேகமாகப் போகும்போது அது வாங்கி வைத்துக்கொண்டு மேட்டில் போனுக்குக் கொடுக்குமாம்.

என் மகள் எதற்கும் மசியவில்லை. "நீ போற எடமெல்லாம் மேப்புல உன்னைக் காட்டுற அந்தப் புள்ளி எனக்கு போன்ல தெரியோணும். புள்ளி நின்னுச்சுன்னா பஸ் ஏறி ஊட்டுக்கு வந்தரோணும்" என்கிறாள்.

"அம்மாயி, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றாள் பேத்தி. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன், மகள் படித்துக்கொள்ளட்டும். பேத்தி காட்டிய படத்தில் நடுவே வயிறு உப்பியிருந்த அந்த அச்சை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் ஜலகண்டாபுரத்தில் இருந்தோம். நான் மூன்றாம் வகுப்பு. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் வீட்டிலேயே தங்கித் தறி நெய்தார். குழித்தறி. விடிந்தால் குழிக்குள் இறக்கிய காலை அவர் பொழுது சாய்ந்துதான் மேலே எடுப்பார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, சைக்கிளில் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வரப்போவதாகச் சொன்னார்.

"ஏம் மாப்ள, நம்மூரு ஏரித் தண்ணி பத்தலையாக்கும்?" என்று அப்பா சிரித்தார்.

"குழிக்குள்ளயே கெடக்குதுங்க மாமா இந்தக் காலு. ஒருக்காவாச்சும் ஊரைச் சுத்தட்டும்."

அம்மா சிரிக்கவில்லை. அவர்களுடைய அப்பா இருட்டில் விளக்கில்லாத சைக்கிளில் வந்து லாரியில் அடிபட்டுச் செத்தவர். "ஏரிக்கரை மேட்டுல வெளக்கு அணையாம நீ மிதிச்சு வாரதை நான் என் கண்ணால பாக்கோணும். அப்பறம் கடலுக்குப் போ" என்றாள்.

மாமா டைனமோ வாங்கினார். டயரில் உரசிச் சுற்றும் புட்டி டைனமோ. சமதரையில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. மேடு வந்ததும் சக்கரம் சோர்ந்தது, விளக்கும் பீடி நெருப்புப் போலச் சுருங்கி அணைந்தது. மேட்டுக்கு மேலே நின்ற அம்மா வீட்டுக்குத் திரும்பினாள்.

மாமா விடவில்லை. சைக்கிள் கடைக்காரரிடம் பழைய சீமை வண்டியின் முன்சக்கரம் ஒன்று கிடந்தது. அச்சுக்குள்ளேயே டைனமோ. உரசல் இல்லை, இழுவையும் குறைவு. புட்டி டைனமோவோடு தன் கைக்கடிகாரத்தையும் கழற்றிக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டு வந்தார். அம்மா அசரவில்லை. "ஊருக்குப் போறவன் மூட்டையில்லாமலா போவே? புள்ளையப் பின்னால வெச்சு மிதிச்சுக் காட்டு" என்றாள்.

அன்று பொழுது இறங்கியதும் நான் கேரியரில் உட்கார்ந்தேன். மாமா மிதித்தார். மேட்டின் பாதி வரை விளக்கு நன்றாகத்தான் வந்தது. பிறகு நடுங்க ஆரம்பித்தது. சக்கரம் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் யோசித்தது. மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு, அவர் மூச்சு தறிச் சத்தம் போலக் கேட்டது. காலை ஊன்றினால் போயிற்று. விளக்கும் போய்விடும், கடலும் போய்விடும்.

"கெட்டியாப் புடிச்சுக்க சாமி" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் பிடித்துக்கொள்ளவில்லை, நழுவி இறங்கிவிட்டேன். செருப்பில்லாத காலோடு கேரியரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஓடினேன். எதிரில் நிற்பவளுக்கு வெளிச்சம்தான் தெரியும், வெளிச்சத்துக்குப் பின்னால் இருக்கிற நான் எங்கே தெரியப்போகிறேன்? வண்டி லேசானது. விளக்கு ஒருமுறை சுருங்கி, நிமிர்ந்து, மேடு ஏறியது. மேலே ஏறியதும் ஒரே தாவாகத் தாவிக் கேரியரில் உட்கார்ந்துகொண்டேன்.

அம்மா விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிட்டே வந்ததும் மாமாவின் தலையைத் துடைத்துவிட்டு, "செரி, போய்ட்டு வா. போற ஊர்ல இருந்தெல்லாம் காயிதம் போடு" என்றாள். மாமா ஹேண்டில்பாரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை வாசற்படியில் உட்கார வைத்தாள். முழங்கால் வரை அப்பியிருந்த புழுதியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். என் பாதத்தை மடியில் வைத்து, அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, நெருஞ்சி முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கேரியரில் உட்கார்ந்து வந்த பிள்ளையின் காலில் முள் எப்படித் தைக்கும் என்றுகூட யோசிக்கத் தெரியவில்லையே, இந்த அம்மா இவ்வளவு வெகுளியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்குத் தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டேன்.