மூன்று மடிப்புக்காரி

சூடான இஸ்திரி உருளையிலிருந்து வெளிவரும் படுக்கை விரிப்புகளைப் பிடிப்பது என் வேலை. ஒரு வாரம் என் விரல் நுனியெல்லாம் கொப்புளித்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. ஈரத் துணியை உருளைக்குள் கொடுக்கும் எதிர்முனையில், மின்விசிறிக்குக் கீழே என் கூட்டாளி நிற்பாள். அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் என் பக்கம் வந்தாள்.

"அக்கா, இந்த ஃபேன் காத்து எனக்கு ஒத்துக்கல. தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. நீங்க அங்க நில்லுங்களேன்."

பாவம், தலைவலி என்று இடம் மாறிக்கொண்டேன். என் கொப்புளம் ஆறிய மறுநாள் அவள் தலைவலியும் ஆறிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ கோடை அந்த ஃபேனுக்குக் கீழேயே நின்றாள். ஒரு நாளும் தலையைப் பிடித்துக்கொண்டதில்லை. பொய் சொல்வது பாவம் என்று நம்புகிறவள் நான். ஆனால் அந்தப் பொய்யைக் கடவுள் புண்ணியத்தில்தான் எழுதியிருப்பார்.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சன்னல் இல்லாத சலவைக்கூடத்தில், நாங்கள் பதினான்கு வருஷம் ஒன்றாக வேலை செய்தோம். அவள் என்னைவிட ஐந்து வயது இளையவள். புருஷன் முடிவெட்டும் கடை வைத்திருந்தார். இவள் சம்பளமும் சேர்ந்தால்தான் வீடு ஓடும்.

ஒரு நாள் சூப்பர்வைசர் சுவரில் ஒரு தாளை ஒட்டினார். வருஷக் கடைசியில் சலவைக்கூடத்தை மூடிவிட்டு வேலையை வெளியே கொடுக்கப்போகிறார்கள். வார்டு உதவியாளர் தேர்வில் தேறுகிறவர்கள் மேலே போகலாம், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். சான்றிதழ் எதுவும் வேண்டாம். மேலே பல நாட்டு நோயாளிகள் இருப்பதால், ஒரு நோயாளிக்குக் காலையிலிருந்து என்னென்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் பத்து வரி எழுதத் தெரிந்தால் போதும். மூன்று தடவை எழுதலாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது ஆகாத காரியம் என்று நான் அன்றே ஒதுங்கிவிட்டேன். அவள் பேர் கொடுத்தாள். இரண்டு தடவை தோற்றாள்.

நடந்து முடிந்ததைச் சொல்லும் இடத்தில்தான் சறுக்கல். விழுந்தார் என்பதற்கு 'ஃபால்டு' என்று எழுதி வைத்திருந்தாள்.

"எல்லாத்துக்கும் ஒரே வாலை ஒட்டினா போதும்னு நினைச்சேன் அக்கா. பாதி வார்த்தை வாலே வேண்டாங்குது. ஆளே மாறிடுது."

"இன்னும் ஒரு தடவைதானே இருக்கு. முடியுமாடி?"

"அடி மேல அடிச்சா அம்மியே நகருது. இது காகிதத்துல இருக்கற எழுத்து, நகராமலா போகும்?"

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு இரண்டு முனை. எங்கள் கூடத்தில் மூன்று மடிப்பு கணக்கு. அவள் மடிப்புக்கு ஒரு சொல் வைத்துக்கொண்டாள். முதல் மடிப்புக்கு 'ஃபால்'. அடுத்ததற்கு 'ஃபெல்'. 'ஃபாலன்' என்று என்னை நெருங்கி வந்து முனைகளை என் கையில் கொடுப்பாள். சொல் வராவிட்டால் முனையை விடவே மாட்டாள். விரிப்பு எங்கள் நடுவில் ஊஞ்சல் மாதிரி தொங்கும்.

"ஏம்மா, மூணு மடிப்பு! அது விரிப்பா, ஜவ்வு மிட்டாயா? எவ்வளவு நேரம் இழுப்பே?" என்று சூப்பர்வைசர் கத்துவார்.

"வந்துட்டே இருக்கு சார். நடுவுல ஒண்ணு ஒளிஞ்சுக்கிச்சு."

மூணு மடிப்பு என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. 'கட், கட், கட்' என்று மூன்றும் ஒன்றாகவே வரும் சொல் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். "எங்க வீட்டுக்காரர் முடிவெட்டற மாதிரி அக்கா. யார் வந்து உக்காந்தாலும் ஒரே வெட்டு!"

அந்த வீட்டுக்காரர்தான் அவளுக்குப் பரீட்சை வைப்பார். சாயங்காலம் கடையில் ஆள் இல்லாதபோது நாற்காலியில் இவள் உட்காருவாள். அவள் சொற்களை எழுதிவைத்த நோட்டை அவர் பிடித்துக்கொண்டு சீப்பால் ஒரு வரியைக் காட்டுவார். இவள் முதல் சொல்லைப் படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மற்ற இரண்டையும் சொல்வாள். அவருக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் சரியான இடத்தில் "தப்பு" என்பார்.

"உங்களுக்கு எப்படிங்க தெரியுது?"

"உனக்கே தெரியுதே. குரல் பின்வாங்குதுல்ல."

விரிப்பில் வார்டு எண் எழுத எங்களிடம் ஒரு மைக்குப்பி உண்டு. எத்தனை கொதியில் போட்டாலும் போகாத மை. தேய்ந்துபோன விரிப்புகளைத் துடைக்கும் துணியாக வெட்டத் தனியே வைப்போம். அவற்றின் ஓரங்களில் அந்த மையால் அவள் எழுதிப் பழகினாள். எப்படியும் வெட்டப்போகிற துணிதானே என்று யாரும் தடுக்கவில்லை. மூன்றாவது தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கையில், வண்டி கிளம்பும் அவசரத்தில், நான் அந்தக் குவியலை நல்ல விரிப்புகளோடு சேர்த்து மேலே அனுப்பிவிட்டேன்.

பத்து மணிக்குத் தலைமை நர்ஸ் விரிப்பும் கையுமாக இறங்கி வந்தார்.

"யார் வேலை இது? கால் உடைஞ்சு படுத்திருக்கிற கப்பல்காரர் கால்மாட்டுல 'பிரேக், புரோக், புரோக்கன்'னு எழுதியிருக்கு! வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சுறீங்களா? கேலி பண்றாங்கன்னு மனுஷன் சாப்பாட்டைத் திருப்பி அனுப்பிட்டார்."

அவள் முன்னால் போய் நின்றாள்.

"எழுதினது நான்தாங்க."

"அப்ப தேர்வுப் பட்டியல்ல உன் பேரை அடிச்சிட வேண்டியதுதான்" என்றார் சூப்பர்வைசர்.

கடவுளே, என் வாயைத் திற என்று மன்றாடினேன். திறந்தது. "அவ எழுதினது கந்தல் துணியிலதாங்க. கலந்து அனுப்பின பாவி நான்."

"யார் அனுப்பினாலும் படிச்சவர் மனசு புண்பட்டது புண்பட்டதுதானே" என்றார் நர்ஸ்.

"அவர்கிட்ட நான் பேசணும்" என்றாள் அவள். "பேசிட்டு வந்தப்புறம் பேரை அடிங்க."

நான் வெளுத்த விரிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கப்பல்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவள் கட்டிலருகே நின்று ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். அவளோடு மடித்த புண்ணியத்தில் எனக்கும் புரிந்தது. கந்தலில் எழுதினேன், அது தவறி மேலே வந்துவிட்டது, உங்களை நினைத்து எழுதவில்லை, இரண்டு முறை தோற்றவள் நான். ஓரிடத்தில் சொல் நின்றுபோனது. நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கைகள் இரண்டும் எழுந்து, காற்றில் இல்லாத விரிப்பை ஒரு மடிப்பு மடித்தன. சொல் வந்தது.

கப்பல்காரர் மெதுவாகத் திரும்பினார். எத்தனை சொல் படித்தாய் என்று கேட்டார். நூற்றிருபது என்றாள். கப்பலில் சேர்ந்துதான் தானும் இந்த மொழியைக் கற்றதாகவும், அந்த நடுச்சொல் தன்னையும் பலமுறை கவிழ்த்ததாகவும் சொல்லிச் சிரித்தார். வெளுத்த விரிப்பை வேண்டாமென்று, நர்ஸ் கையிலிருந்த எழுத்துப் போட்டதையே திரும்ப விரிக்கச் சொன்னார். சாப்பாடும் கேட்டார்.

படியிறங்கும்போது தலைமை நர்ஸ் அவளைப் பார்க்காமலே சொன்னார்: "சனிக்கிழமை பேனாவை எடுத்துட்டு வா. மைக்குப்பி வேண்டாம்."

தேறிவிட்டாள். எழுதும்போது மேசைக்கடியில் இடக்கை மடித்துக்கொண்டே இருந்ததாம்.

சலவைக்கூடம் மூடிய நாள் கடைசி விரிப்பை நாங்கள்தான் மடித்தோம். பிறகு அவளை வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அவளை நான் மறுபடி பார்க்கவில்லை. அன்று மாடிப்படியருகில், "நீ நல்லா இருக்கணும்னு தினமும் வேண்டிக்கறேன்" என்றேன். அவள் தன் நோட்டை எடுத்து என் பைக்குள் வைத்தாள். இதை எழுதும்போது அது என் பக்கத்தில் திறந்திருக்கிறது.

"வேண்டிக்கறதோட நிறுத்திடாதீங்க அக்கா" என்றாள். "அடுத்த வருஷமும் ஆள் எடுக்கறாங்க, விசாரிச்சுட்டேன். என்னோட எத்தனை விரிப்பு மடிச்சிருக்கீங்க? பாதி வார்த்தை உங்க கைக்கே தெரியும். மூணு தடவை எழுத விடுவாங்க. உங்களுக்கு மூணும் அப்படியே இருக்கு."