திரும்பி வரும் மண்

ஜவாத்தின் வேலையைச் சொன்னால் எங்கள் ஊர் சாய்ந்தமருதில் யாரும் முதலில் நம்பமாட்டார்கள். பெரிய சாமான் விமானங்களை ஓட்டப் பழகும் பிள்ளைகளுக்காக, காட்டுப் பக்கத்து விமானப்படைத் தளத்தில் அவர் மண் மூட்டை கட்டுகிறார். அரிசிக்கும் மருந்துக்கும் பதிலாக அந்த மூட்டைகளை ஏற்றிக்கொண்டு விமானம் கடலுக்கு மேலே வந்து சுற்றிவிட்டு, கிளம்பிய இடத்திலேயே போய் இறங்கும். அடுத்த நாள் காலை மூட்டையெல்லாம் இறக்க வேண்டும். பிறகு திரும்ப ஏற்ற வேண்டும். இத்தனை பறந்தும் ஓரிடத்துக்கும் போய்ச் சேராத மண்ணை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. ஐம்பதைத் தாண்டிய மனுசன், முதுகு போய்விட்டது.

அவருடைய மூத்த சகோதரி, ராத்தா சபூறாவுக்கு இதில் ஒரே சிரிப்பு. உம்மா இல்லாத வீட்டில் அவரை வளர்த்தெடுத்தவள் அவள்தான். முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்து, “அந்தா, நம்மட ஜவாத்துட மண் போகுது” என்பாள். தளத்துக்குள் ஃபோன் கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலில் கொடுத்துவிட வேண்டும். அதனால் அந்த வீட்டுக்கு விமானம்தான் மணிக்கூடு. சத்தம் நின்றால் ஜவாத் வெளிக்கிட்டுவிட்டார், சோறு போடலாம் என்று அர்த்தம்.

போன மாதம் சபூறா படுக்கையில் விழுந்தாள். டொக்டர் கையை விரித்துவிட்டார். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஜவாத் வேலைக்குப் போக மனமில்லாமல் கட்டிலருகே நின்றார்.

“போகல்ல ராத்தா. உங்கள உட்டுட்டு எப்பிடிப் போற?”

“போ. பிளேன் நிண்டா வந்திருவாய்தானே. கடைசியா உன்ட முகத்தக் காட்டிரு, அது போதும்.”

நடுப்பகல் லுஹர் பாங்கோடு அவள் கண்ணை மூடி மௌத்தானாள். அவளுடைய மகன் றிம்சான் மாமாவுக்கு அழைத்து அழைத்து ஓய்ந்தான். ஃபோன் தளத்து வாசலில் ஒரு பெட்டிக்குள் கிடந்து அடித்தது. நேரில் போய்க் கூட்டி வரலாம் என்று மோட்டார் சைக்கிளை உதைத்தான். அந்நேரம் பார்த்து வானத்தில் சத்தம் நின்றது.

“இனி ஏன் மகன் போற? பிளேன் நிண்டிட்டு. அவர் வந்திட்டிருப்பாரு” என்றார் பக்கத்து வீட்டு மசூர்.

எங்கள் எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது. பின்னேரம் அஸர் தொழுத பிறகும் ஜனாஸாவை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். பொழுது சாயப்போகிறது, இனியும் சுணக்கக் கூடாது என்று கடைசியில் தூக்கினோம்.

அங்கே விமானத்தில் ஏதோ பழுது. அதைக் கொட்டகைக்குள் தள்ளுவதற்கு முதல் அத்தனை மூட்டையையும் அன்றைக்கே இறக்கச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் ஜவாத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரமெல்லாம் அவர் சுமந்துகொண்டிருந்தார். வாசலில் ஃபோனை வாங்கியபோதுதான் விசயம் தெரிந்தது. அடக்கம் செய்யும் மையவாடிக்கு அவர் வந்து சேரும்போது கபுறுக் குழிக்குள் அவளை மூடிப் பலகை வைத்தாகிவிட்டது.

“முகத்த ஒருக்காப் பாக்கலாமா?”

எனக்கு அந்த விமானத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது. அது என்ன செய்யும்?

“பிளேன் நிண்டிச்சே மாமா. நீங்க வாறீங்க எண்டுதான் நான் வரல்ல” என்று றிம்சான் விக்கி விக்கி அழுதான்.

வந்தவர்கள் தலைமாட்டில் ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவது வழக்கம். ஜவாத் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஒரு பிடி போட்டார். அடுத்ததும் போட்டார். மூன்றாவது பிடி கைக்குள்ளேயே இருந்தது.

“போடுங்க மாமா.”

“காலையில இருந்து இதத்தானே மகன் அள்ளிட்டிருக்கன்” என்றார் ஜவாத். “அதெல்லாம் திரும்பி வந்திச்சே.”

பிறகு கையைத் திறந்தார்.