இரும்புக்கடையில் டிபரன்ஷியல் ஈக்வேஷன்

1. பலகைக்குப் பாடம்

நான் நடத்திய முதல் வகுப்பில் மாணவர்கள் இரண்டு பேர். இருவருக்கும் என் வயதுதான். ஒரு மணி நேரமும் நான் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்து நின்று பலகைக்கே பாடம் சொல்லி முடித்தேன். முடித்ததும் பின்னாலிருந்து ஒரு குரல்:

"ஏங்க, பலகைக்குப் புரிஞ்சிருச்சா? அதுக்குப் புரிஞ்சிருந்தாச் சொல்லுங்க, நாங்க அதுகிட்டயே கேட்டுக்கிறோம்."

கேட்டவன் சின்னச்சாமி. துணைக்கு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது.

பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் கணக்குச் சொல்லிக்கொடுத்து ரிடையர் ஆகிவிட்டேன். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள், "முதல் நாள் உங்களுக்குப் பயமாக இருந்ததா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2. நடக்காமல் போன பாடம்

சண்டைக் காலம். சென்னைப் பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு விழப்போகிறது என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய வருஷம். நான் அங்கே பெண்கள் கல்லூரியில் பி.ஏ. கடைசி வருஷம், மேத்தமேடிக்ஸ். ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்னார்கள். தகரப் பெட்டியோடு தேனிக்கு வந்து சேர்ந்தேன். பரீட்சை தள்ளிப்போயிருக்கிறது, மதுரையிலேயே எழுதலாம் என்று பின்னால் தகவல் வந்தது. பாக்கி நின்றது ஒரே பாடம், டிபரன்ஷியல் ஈக்வேஷன். எங்கள் புரொபசர் முதல் அத்தியாயத்தோடு நிறுத்தியிருந்தார்.

இப்போது வகைக்கெழுச் சமன்பாடு என்று அழகாகச் சொல்கிறீர்கள். விஷயம் இதுதான். ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. என்ன வேகத்தில் கூடுகிறது, குறைகிறது என்பது மட்டும் தெரியும். அந்த வேகத்தை வைத்துப் பொருளைக் கண்டுபிடிக்க வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். புத்தகத்தில் அது நானூறு பக்கம்.

மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு ஓர் இடம் வைத்திருந்தார்கள். ரிசல்ட் வரும்வரை காத்திருப்பதாக ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லியிருந்தார். தேறாவிட்டால் இடம் வேறொருவருக்கு.

அப்பாவுக்குத் தேனி கடைத்தெருவில் இரும்புக்கடை. ஒருநாள் அனுமந்தன்பட்டியிலிருந்து ஒரு சம்சாரி ஏர்க்கொழு வாங்க வந்தார்.

"எம்மகனும் பட்டணத்துல கணக்குத்தான் படிச்சான், அண்ணாச்சி. இப்ப வீட்ல மல்லாந்து படுத்து மோட்டுவளையப் பாக்குறான். ஒரு பாடம் நடக்கவே இல்லையாம்."

"என்ன பாடம்?" என்று அப்பா கேட்டார்.

"பேரு வாயில நொழையல. டிப்பு டிப்புன்னு என்னமோ சொன்னான்."

"அந்தப் புஸ்தகம் எம்மககிட்ட இருக்கு. பையன இங்கன அனுப்பி வையிங்க."

அந்த மகன்தான் சின்னச்சாமி. வரும்போது ராயப்பன்பட்டி அருளப்பனையும் கூட்டிக்கொண்டு வந்தான். இருவரும் பட்டணத்தில் ஒரே கல்லூரி. பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி கேஸ் பஸ் ஓடிய காலம். கடைக்குள் நுழையும்போது இருவர் முகத்திலும் கரி அப்பியிருந்தது. சின்னச்சாமி ஓயாமல் பேசுவான். அருளப்பன் வாயே திறக்க மாட்டான், எழுதிக்கொண்டே இருப்பான்.

எங்களிடம் இருந்தது ஒரே புத்தகம், அது என்னுடையது. முதல் அத்தியாயத்தைப் பாடமாகக் கேட்டவளும் நான் ஒருத்திதான். அதனால் வாத்தியார் வேலை என் தலையில் விழுந்தது. காலையில் எழுந்து ஓர் அத்தியாயத்தை நானே முட்டி மோதிப் படிப்பேன். மத்தியானம் கடை மாடியில் அதையே அவர்களுக்குச் சொல்வேன்.

பலகைக்கு அப்பா ஓர் இரும்புத் தகட்டை எடுத்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, சாக்பீஸ் வழுக்காமல் இருக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். கொஞ்சம் அழுத்தி எழுதினால் 'டங்' என்று சத்தம் போடும். ஒவ்வொரு ஈக்குவல் குறிக்கும் இரண்டு டங்.

3. சி

வேகத்திலிருந்து பொருளுக்குப் போக இன்டக்ரேஷன் செய்தால் விடையின் கடைசியில் 'பிளஸ் சி' என்று ஒரு மாறிலி வரும். கணக்குப் படித்த எல்லோருக்கும் அது பழக்கம். நானும் போட்டுக்கொண்டே போனேன். இரண்டாவது வாரம் சின்னச்சாமி கேட்டான்:

"இந்த சி எதுக்குங்க?"

"இன்டக்ரேஷன் பண்ணினா வரும்."

"வர்றது தெரியுது. வந்து என்ன பண்ணுது? சும்மா ஓரத்துல உக்காந்திருக்கு."

"அது விதி," என்றேன் தகட்டைப் பார்த்தபடி.

"யாரு தலவிதி? நம்ம மூணு பேருதா?"

அம்மா மறுபடி சிரித்தாள். அன்று வகுப்பைப் பாதியிலேயே முடித்துவிட்டேன். புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். 'ஆர்பிட்ரரி கான்ஸ்டன்ட்', எந்த எண்ணாகவும் இருக்கலாம் என்று போட்டிருந்தது. எந்த எண்ணாகவும் இருக்கலாம் என்றால் அது எதற்கு? எனக்கும் தெரியவில்லை. பரீட்சையில் அதை யாரும் கேட்கப்போவதில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் ஒவ்வொரு கணக்கின் கடைசியிலும் அந்த எழுத்தைப் போடும்போது கை தயங்கியது.

4. மாடியிலிருந்து கீழே

பக்கத்துக் கமிஷன் கடை முதலாளி ஒருநாள் அப்பாவிடம் வந்தார். நல்ல மனிதர்தான். ஊர் வம்பை மட்டும் விடமாட்டார். மாடிப்படியில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்கப்படாது. வயசுப் பயலுக ரெண்டு பேர மாடிக்கு ஏத்தி விடுறீக. பொம்பளப்புள்ள வாத்தியாராம். நாலு பேரு நாலு விதமாப் பேசுறாக."

"அவ அம்மாவும் கூடத்தான உக்காந்திருக்கா?"

"அது உங்களுக்குத் தெரியும். தெருவுல போறவனுக்குத் தெரியுமா?"

பாடத்துக்கு இன்றோடு முடிவு என்றே நான் நினைத்தேன். மதுரை வேலையும் கண்முன்னால் போனது.

"நீங்க சொல்றது வாஸ்தவந்தான்," என்றார் அப்பா. "பாக்காததுனாலதான பேசுறாக? நாளையிலருந்து கீழ கடையிலயே நடக்கட்டும். நீங்களும் வாங்க."

சண்டையால் இரும்பு வரத்து நின்று கடையில் பாதி இடம் காலியாகத்தான் கிடந்தது. தெருவைப் பார்த்த பக்கம் தகட்டை மாட்டச் சொன்னார். நான் ஓடிப்போய்க் கெஞ்சினேன்.

"அப்பா, ரெண்டு பேரு முன்னாலயே எனக்கு நாக்கு ஒட்டிக்குது. கடைத்தெருவே பாத்தா எப்படிப்பா?"

"மதுரையில நாப்பது புள்ளைக உக்காந்திருக்குமே தாயி. அங்கன என்ன செய்வ?"

நானே மாடிக்குப் போய்த் தகட்டைக் கழற்றிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் பார்த்துச் சந்தை நாள். கடை வாசலில் மாடும் வண்டியும் ஆளுமாக ஒரே நெரிசல். கடப்பாரைக்கு வந்தவர், வாளிக்கு வந்தவர், சும்மா வந்தவர் என்று பத்துப் பதினைந்து பேர் நின்றுவிட்டார்கள். கமிஷன் கடை முதலாளி ஸ்டூல் போட்டு முன்னால் உட்கார்ந்தார். நான் தகட்டோடு தகடாக ஒட்டிக்கொண்டு நின்றேன்.

சின்னச்சாமிக்கு என் நிலைமை புரிந்திருக்க வேண்டும். அன்று கேலி பேசவில்லை. "புஸ்தகக் கணக்கு வேணாங்க. எங்க கெணத்தப் போட்டுப் பாப்பம்," என்றான். "மாடு பூட்டிக் கமலை எறைச்சு நிப்பாட்டினா, மொதல்ல ஊத்துத் தண்ணி சரசரன்னு ஏறும். மேல வர வரச் சோம்பேறி ஆயிரும். இதுக்கு ஈக்வேஷன் உண்டா?"

யோசித்தேன். தண்ணீர் ஏறும் வேகம், நிரம்ப இன்னும் எவ்வளவு குறையோ அதைப் பொறுத்தது. குறை அதிகம் என்றால் வேகம் அதிகம். எழுதினேன். டங், டங். இன்டக்ரேட் செய்தேன். கடைசியில் சி வந்து நின்றது.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் கேட்டார். கடப்பாரை வாங்க வந்தவர். எங்கள் பேச்சில் 'கெணறு' என்ற ஒரு சொல்தான் அவருக்குப் பிடிபட்டிருக்கிறது.

"ஏத்தா, இது யாரு கெணறு?"

"யாரு கெணறா இருந்தாலும் ஒண்ணுதாங்க," என்றேன் திரும்பாமல்.

"அதெப்படி ஒண்ணாகும்? நான் பாதி எறைச்சு நிப்பாட்டுவேன். எம் பக்கத்துக்காரன் தரை தெரிய வறட்டிருவான். விடிஞ்சு பாத்தா ரெண்டும் ஒரே மட்டமாவா கெடக்கும்?"

என் கையிலிருந்த சாக்பீஸ் நின்றுவிட்டது. நான் திரும்பினேன். யோசித்துத் திரும்பவில்லை. சந்தோஷத்தில் உடம்பு தானாகத் திரும்பியது.

"இல்லைங்கய்யா, ஒரே மட்டமா கெடக்காது! ஊத்தோட விதி ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஆனா எங்க ஆரம்பிச்சதுங்கிறது வேற. நீங்க நிப்பாட்டின நேரத்துல கெணறு நிரம்ப எவ்வளவு குறை இருந்துச்சோ, அதைச் சொல்றதுதான் இந்த சி! உங்களுக்கு ஒரு சி, உங்க பக்கத்துக்காரருக்கு ஒரு சி!"

"அவன் சி பெருசா, என் சி பெருசா?"

"அவருதுதான் பெருசு. அவரு கெணத்துலதான குறை அதிகம்?"

"அப்படிச் சொல்லு!" என்றார் பெரியவர் பரம திருப்தியோடு. கூட்டம் சிரித்தது. அதில் பாதிப் பேருக்கு விஷயம் புரிந்திருக்காது. பக்கத்துக்காரன் கிணற்றில் குறை அதிகம் என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

சின்னச்சாமி எழுந்து நின்றுவிட்டான். "அப்ப ஈக்வேஷன் எல்லாக் கெணத்துக்கும் பொது. சி போட்டாத்தான் அது எங்க கெணறு!"

அதைவிடத் தெளிவாக நான் எந்தப் புத்தகத்திலும் பிறகு படிக்கவில்லை. அன்றைய மிச்சப் பாடம் முழுவதையும் ஆட்களைப் பார்த்தே நடத்தினேன். எழுதுவதற்கு மட்டும் தகட்டுப் பக்கம் திரும்பினேன்.

கமிஷன் கடை முதலாளி அரை மணி நேரத்தில் எழுந்தார். "அண்ணாச்சி, இதுல தப்பு ஒண்ணும் இல்ல," என்று கொட்டாவி விட்டபடி அப்பாவிடம் சொன்னார். "தூக்கந்தான் வருது. யாராச்சும் கேட்டா நானே சொல்லிர்றேன்."

சொன்னார். அதற்குப் பிறகு எங்களைப் பற்றி ஒரு பேச்சும் வரவில்லை.

5. அருளப்பனின் ஒரே கேலி

சின்னச்சாமி அதோடு விடவில்லை. மூங்கில் கழியில் அடையாளம் வெட்டி, தன் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் ஏறுவதை அளந்துகொண்டு வந்தான். புள்ளி வைத்து வரைந்தோம். வளைவு புத்தகத்தில் இருப்பது மாதிரியே போய், நடுவில் திடீரென்று குப்புற விழுந்தது. ஈக்வேஷனில் எங்கே தப்பு என்று வெகுநேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

"இடையில எங்கப்பா கமலை பூட்டிட்டாரு," என்றான் சின்னச்சாமி கடைசியில்.

அதுவரை பேசாமல் எழுதிக்கொண்டிருந்த அருளப்பன் தலையை நிமிர்த்தினான். "அப்ப ஈக்வேஷன்ல உங்கப்பாவுக்கும் ஒரு டேர்ம் சேக்கணும்," என்றான்.

அவன் வாயிலிருந்து நாங்கள் கேட்ட ஒரே கேலி அதுதான். அது சரியான விடையும்கூட. வெளியிலிருந்து ஒருவர் கை வைத்தால் ஈக்வேஷனின் வலது பக்கத்தில் ஒரு டேர்ம், அதாவது ஓர் உறுப்பு, கூடும். அடுத்த அத்தியாயம் முழுக்க அதுதான்.

மதுரையில் மூன்று பேரும் பரீட்சை எழுதினோம். அந்தப் பாடத்தில் கேட்ட எல்லாவற்றையும் எழுதினேன், சியை மறக்காமல். ரிசல்ட் வந்தது. மூன்று பேரும் பாஸ். பிற்பாடு மார்க் தெரிந்தபோது எங்கள் இருவரையும் விட அருளப்பனுக்குத்தான் அதிகம். அவன் பிறகு மராமத்து இலாகாவிலும், சின்னச்சாமி எலக்ட்ரிக் கம்பெனியிலும் வேலைக்குப் போனார்கள்.

6. அப்பாவின் கேள்வி

நான் மதுரைக்கு வேலைக்குக் கிளம்பிய காலையில் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கடையில் நானும் அப்பாவும் மட்டும். அப்பா தராசைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஏம்மா, அத்தன நாள் இங்கன நடந்துச்சே, அந்தக் கணக்கு. அத எனக்கு ஒருவாட்டி சொல்லேன்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தினமும் கல்லாவில் உட்கார்ந்து கேட்டவர். புரிந்திருக்கும் என்றே நினைத்திருந்தேன். ஒருநாளும் குறுக்கே ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் ஆட்கள் முன்னால் எனக்குத் தடுமாறிவிடும் என்று அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்திருக்கிறார்.

சொன்னேன். கிணறு, ஊற்று, குறை, வேகம், சி, எல்லாவற்றையும். கையை ஆட்டி, அவர் முகத்தைப் பார்த்து, நிதானமாகச் சொன்னேன். அப்பா தராசைக் கீழே வைத்துவிட்டுக் கடைசி வரை கேட்டார்.

"புரியல தாயி," என்றார். "ஆனா நல்லாச் சொல்ற."

இளைய டீச்சர்களே, நான் கற்றுக்கொண்டது இதுதான். பாடம் சொல்லும்போது இந்த இரண்டு வார்த்தையும் நம் காதில் விழும். நல்லாச் சொல்ற என்பதை அப்பாவின் பாசக் கணக்கில் சேர்த்துவிட்டேன். புரியல என்பதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்வரை, அப்பாவுக்கு வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்றே யோசித்துக்கொண்டு போனேன்.