காலையில் சொல்லாத ஊசி

தங்கை தூதா வென்றவற்றை இஜ்ஜா ஒன்றுவிடாமல் சொல்வாள்: முப்பதாவது வயதில் தனியாளாக மலையிலிருந்து டிஸ்னித் நகரத்துக்கு இறங்கியது, எண்ணெய்க்காக ஆர்கன் கொட்டை உடைத்தே காது கேளாத மகன் இதிரை அகாதிரில் படிக்க வைத்தது, கணினிக்குத் தங்கள் தஷல்ஹீத் பேச்சைக் கற்றுக்கொடுக்க வந்த அறுபது பெண்களில், பள்ளி வாசலே மிதிக்காத அவளும் தேறியது.

அந்த வேலை தூதாவுக்கு எதற்கு என்பது இஜ்ஜாவுக்குத் தெரியும். தான்ஜியர் தையல் ஆலையில் இருக்கும் இதிர், அரபியில் எழுதி அனுப்புவான். கைஜாடையில் பசியும் காய்ச்சலும் சொல்லலாம், மனசைச் சொல்ல முடியாது. ஐந்தாவது வரை படித்த இஜ்ஜாதான் வாசித்துக் காட்டுவாள்.

"இன்னும் என்ன எழுதியிருக்கான்?"

"அவ்வளவுதான்டீ."

"பொய் சொல்லாதக்கா. உன் காது செவந்து கெடக்கு. பொண்ணு விஷயமா?"

எழுதியதைத் தங்கள் பேச்சில் வாசித்துச் சொல்லும், சொன்னதை எழுதும் கருவி இந்த வேலையால் வரப்போகிறது என்றார்கள். மகனோடு, நடுவில் யாரும் இல்லாத ஒரு பேச்சு. தூதா ஏங்கியது அதற்குத்தான்.

ஒரு மாதத்தில் பட்டியலிலிருந்து அவள் பெயர் போனது. திரையில் வரும் படத்துக்குப் பெயர் சொல்ல வேண்டும். ஊசி வந்த பதினேழு முறையும் அவள் வாயே திறக்கவில்லை. இஜ்ஜா அவளை இழுத்துக்கொண்டு அலுவலகம் போனாள்.

"ஊசி தெரியாத பொம்பளையும் உண்டா லல்லா?" என்று, 'லல்லா' என்னும் மரியாதை மாறாமல் கேட்டார் தலைநகர் ரபாத்திலிருந்து வந்திருந்த பொறுப்பாளர் அன்வர்.

"தெரியாமலா? காலங்காத்தால அது பேரச் சொன்னா அந்த நாள் வெளங்குமா?" என்றாள் இஜ்ஜா. "உங்க வீட்ல யாரும் சொல்லித் தரலையா?"

"மத்தவங்க சொல்றாங்களே?"

"அவங்க டவுன்காரங்க. இவ மலைக்காரி. மத்தியானம் கேளுங்க, நூறு தடவ சொல்லுவா."

"இப்பவே மணி பன்னெண்டேகால்" என்றாள் தூதா மெதுவாக.

அன்வர் சிரித்துக்கொண்டே படத்தைப் போட்டார். தூதா பதினேழு முறையும் சொல்லி முடித்தாள். மதிய வேலை என்று முடிவாயிற்று.

"கருவி எப்ப வரும் தம்பி?" என்று கேட்டாள் தூதா.

"ரெண்டு வருஷம், மூணு வருஷம்... சொல்ல முடியாது லல்லா."

தூதாவின் முகம் வாடியது. புது ஒப்பந்தத்தில் கைநாட்டுக்கு நீட்டிய மைப்பெட்டியைத் தள்ளிவைத்தாள். "ஒம்பது நாள் குடுங்க. அது வர்றதுக்குள்ள ஒரு சொல்லாவது என் கையால அவனுக்குப் போகட்டும்."

தினமும் தொலைபேசித் திரையில், இதிர் தையல் சுண்ணாம்பால் துணியில் நான்கு எழுத்துகளை எழுதி, ஒவ்வொன்றிலும் தொடங்கும் ஒரு பொருளைத் தூக்கிக் காட்டினான். இஜ்ஜா குறுக்கே வரவில்லை. ஒப்பந்தத்தில் தூதா தன் பெயரை முதன்முதலாக எழுதி, அதைப் படமெடுத்து மகனுக்கு அனுப்பியது 2024 அக்டோபர் 17, வியாழக்கிழமை.